முதலில் பெருக்கு, பிறகு கோலமிடு

மார்கழி மாதம். பொழுது இன்னும் புலரவில்லை. மதுராந்தகத்தில் ஏரிகாத்த இராமர் கோயிலுக்குச் செல்லும் தெரு ஒன்றில் நாம் நடந்துகொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். வாசல் பெருக்கி, நீர் தெளித்து, கோலமிடும் வேலை வீட்டுக்கு வீடு நடக்கிறது. ஒரு வீட்டின் வாசல் குறுகலானது. அங்கே முழ அகலத்தில் ஒரு சிக்குக் கோலம். அடுத்த வீட்டின் வாசலோ விசாலமானது. அங்கும் அதே கோலம்தான். ஆனால் பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றே, இழை வளைந்து செல்லும் வழியும் ஒன்றே. இரண்டிலும் இழை தெளிவாக, ஓரம் பிசிறில்லாமல் இருக்கிறது. 'கோலத்தைப் பெரிதாகப் போட்டால் மங்கிப் போகுமோ?' என்று யாரும் கவலைப்பட்டதில்லை.

இப்போது வேறொரு காட்சி. பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு சிறு அசைபடம் தயாரிக்க வேண்டும். திரையின் நடுவே கடுகளவில் ஒரு கோலம் தோன்றி, மெல்ல மெல்ல வளர்ந்து, திரை முழுவதையும் நிறைக்க வேண்டும். மாணவி ஒருத்தி கணிப்பொறியில் அழகாகக் கோலம் வரைந்து, அசைபடம் செய்யும் மென்பொருளில் அதைப் பெரிதாக்கி ஓடவிடுகிறாள். முதல் விநாடியில் எல்லாம் சரியாக இருக்கிறது. கோலம் வளர வளர, மழையில் நனைந்த கண்ணாடி வழியே பார்ப்பது போல் இழைகளின் ஓரம் கலங்கத் தொடங்குகிறது. திரை நிறையும்போது கோலம் பஞ்சாகிவிடுகிறது!

தெருவில் மங்காத கோலம் திரையில் மட்டும் மங்குவது ஏன்? மென்பொருளில் குறையா, மாணவியின் கைத்திறனில் குறையா? இரண்டும் இல்லை. இரண்டு வேலைகளில் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற ஒழுங்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதைப் படிப்படியாகக் காண்போம்.

கட்டங்களால் ஆன படம்

கணிப்பொறித் திரையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், அது நுண்ணிய கட்டங்களால் ஆனது என்பது புலனாகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பிக்சல் என்று பெயர். முழு உயர்தெளிவுத் திரை எனப்படுவதில் குறுக்காக 1,920 பிக்சல்களும், நெடுக்காக 1,080 பிக்சல்களும் உள்ளன. பெருக்கிப் பாருங்கள்: மொத்தம் 20,73,600 பிக்சல்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகள் எந்தெந்த அளவில் இருக்க வேண்டும் என்று மூன்று எண்கள் சொல்கின்றன. இந்த எண்கள் பொதுவாக 0 முதல் 255 வரை இருக்கும். மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை.

கைப்பேசியில் எடுக்கும் புகைப்படமும் இத்தகைய கட்டங்களின் தொகுப்பே. இவ்வகைப் படத்தை ராஸ்டர் படம் என்பார்கள். ஒரு முக்கியமான செய்தியை இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கோலத்தின் புகைப்படத்துக்குக் 'கோலம்' என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதில் புள்ளி என்பதும் இல்லை, இழை என்பதும் இல்லை. 'இந்தக் கட்டம் வெள்ளை, அடுத்த கட்டம் கறுப்பு, அதற்கடுத்ததும் கறுப்பு' என்ற நீண்ட பட்டியல் மட்டுமே இருக்கிறது.

பெரிதாக்கினால் என்ன நேர்கிறது?

இந்தப் படத்தை 5 மடங்கு பெரிதாக்குவோம். நீளத்தில் 5 மடங்கு, அகலத்தில் 5 மடங்கு. ஆகவே, முன்பு ஒரு பிக்சல் இருந்த இடத்தில் இப்போது 25 பிக்சல்களை நிரப்பியாக வேண்டும். ஆனால் நம்மிடம் இருப்பது ஒரே ஒரு பிக்சலுக்கான செய்திதான். மற்ற 24-ஐ எதைக் கொண்டு நிரப்புவது?

ஒரு வழி, இருப்பதையே 25 முறை படி எடுப்பது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு பிக்சலும் பெரிய செங்கல்லாகிவிடும்; வளைவான இழை படிக்கட்டாகத் தெரியும்.

இன்னொரு வழி, இரண்டு பிக்சல்களுக்கு இடையே சிறிது சிறிதாக மாறும் மதிப்புகளைக் கணக்கிட்டு நிரப்புவது. தரையின் கறுப்பு 0, மாவின் வெள்ளை 255 என்று கொள்வோம். மூலப் படத்தில் இவை இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன:

0, 255

இதுதான் கூரிய ஓரம். 5 மடங்கு பெரிதாக்கியதும் இவற்றின் இடையே நான்கு புதிய பிக்சல்கள் வந்துவிடுகின்றன. கணிப்பொறி அவற்றைச் சமச்சீராக நிரப்புகிறது:

0, 51, 102, 153, 204, 255

கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஒரே தாவலாக இருந்தது, இப்போது ஒரு சரிவாகிவிட்டது. இந்தச் சரிவைத்தான் நம் கண் 'மங்கல்' என்கிறது. 10 மடங்கு பெரிதாக்கினால் சரிவு இன்னும் நீளும், மங்கலும் மிகும்.

இதில் கணிப்பொறியின் தவறு ஏதுமில்லை. மூலத்தில் இல்லாத செய்தியைக் கணக்கு எங்கிருந்து கொண்டுவரும்? இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவு முறையில் படத்தைப் பெரிதாக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. அவை இதற்குமுன் கண்ட பல படங்களைக் கொண்டு, இந்த இடத்தில் இப்படி இருக்கலாம் என்று ஊகித்து நிரப்புகின்றன. ஊகம் பல வேளைகளில் பொருந்தும். ஆனால் ஊகம் ஊகமே. சிக்குக் கோலத்தில் இரண்டு இழைகள் நெருங்கி வரும் இடத்தில் ஊகம் பிசகினால், தனித்தனியாக ஓட வேண்டிய இழைகள் ஒட்டிக்கொள்ளக்கூடும்.

கோலம் ஒரு விதி

மீண்டும் மதுராந்தகத்துத் தெருவுக்கு வருவோம். கோலமிடும் அம்மாவிடம், 'இது எத்தனை புள்ளிக் கோலம்?' என்று கேட்டால், 'ஏழு புள்ளி, நாலு வரை, ஊடுபுள்ளி' என்பது போன்ற விடை கிடைக்கும். இதன் பொருள் என்ன? நடு வரிசையில் 7 புள்ளிகள். அதற்கு மேலும் கீழும் உள்ள வரிசைகளில், முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு புள்ளியாக, 6, 5, 4 புள்ளிகள். மொத்தம் 7 + 2 × (6 + 5 + 4) = 37 புள்ளிகள்.

இந்த விடையில் ஒன்றைக் கவனித்தீர்களா? கோலம் எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்ற பேச்சே அதில் இல்லை! புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை வாசலின் அளவுதான் தீர்மானிக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் 1 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் நடு வரிசை 6 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். தெருவில் 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் 90 சென்டிமீட்டர் இருக்கும். 'இந்தப் புள்ளிக்கு இடப்புறம் வளை, அந்தப் புள்ளியைச் சுற்றி வா' என்ற விதி மட்டும் மாறுவதே இல்லை.

மேலும் ஒன்று. பெரிய கோலம் வேண்டுமென்பதற்காக யாரும் சிறிய கோலத்தைப் போட்டு, அதன் மாவை இழுத்து அகலமாக்குவதில்லை. முதலில் அளவை முடிவு செய்து, புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். பிறகுதான், புதிய மாவு கொண்டு, இழையைப் புதிதாக இழுக்கிறார்கள். எத்தனை பெரிய கோலமானாலும் ஓரம் கூர்மையாக இருப்பதன் இரகசியம் இதுவே.

தாம்பரத்தில் ஓர் ஆராய்ச்சி

கோலத்தில் ஒளிந்திருக்கும் விதிகளை உலகின் கணிப்பொறி அறிஞர்களுக்கு எடுத்துக்காட்டியவர்கள் நம் பகுதியில் பணியாற்றியவர்களே. மதுராந்தகத்தில் இரயிலேறி, செங்கற்பட்டைக் கடந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் சென்றால் தாம்பரம். அங்குள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கியவர் கிஃப்ட் சிரோமணி (1932–1988). அவரும், கணிதப் பேராசிரியர் ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனும் சேர்ந்து எழுதிய கோல இலக்கணம் பற்றிய ஆய்வுக் கட்டுரை, 1974-இல் கணிப்பொறி வரைகலைக்கான பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியாயிற்று.

இலக்கணமா, கோலத்துக்கா என்று வியக்க வேண்டாம். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்ற சில விதிகளைக் கொண்டு நாம் எண்ணற்ற வாக்கியங்களை அமைக்கிறோம் அல்லவா? அதுபோலச் சில விதிகளைக் கொண்டு எண்ணற்ற கோலங்களை உண்டாக்கலாம் என்பதே அவர்கள் கருத்து. எடுத்துக்காட்டாக, 1, 3, 1 என்று புள்ளி வைத்தால் மொத்தம் 5 புள்ளி. 1, 3, 5, 3, 1 என்றால் 13. 1, 3, 5, 7, 5, 3, 1 என்றால் 25. விதி ஒன்று, அதிலிருந்து ஒரு கோலக் குடும்பமே பிறக்கிறது.

புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது வேறு, அதே கோலத்தின் அளவைக் கூட்டுவது வேறு என்பதை இங்கே குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: படத்தைச் சேமிக்காமல், படத்தை உண்டாக்கும் விதியைச் சேமிப்பது.

கம்பிக் கோலங்களைப் பற்றியும் கிஃப்ட் சிரோமணி ஆராய்ந்தார். இழை செல்லும் வழியை 'முன்னே செல், இடப்புறம் வளை, வலப்புறம் வளை, புள்ளியைச் சுற்று' என்பன போன்ற சிறு அசைவுகளின் வரிசையாக எழுதிவிடலாம் என்பது அந்த ஆய்வின் சாரம். அவர் மறைந்த பின், 1989-இல் வெளியான நினைவுத் தொகுதியில் அது இடம்பெற்றது. ஸ்கிராட்ச் மென்பொருளில் பூனையை நகர்த்த, 'இத்தனை அடி நட, இத்தனை பாகை திரும்பு' என்று நீங்கள் கட்டளையிடுகிறீர்களே, அதற்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

வளைவை எண்ணாக்கிய கார்கள்

கணிப்பொறியில் விதியாகச் சேமிக்கப்படும் படத்துக்கு வெக்டர் படம் என்று பெயர். நேர்க்கோட்டைச் சேமிப்பது எளிது. அதன் இரு முனைகளைக் குறித்துக்கொண்டால் போதும். வளைவை எப்படிச் சேமிப்பது?

இந்தக் கேள்விக்கு விடை கார்த் தொழிற்சாலைகளில் கிடைத்தது. காரின் உடற்பகுதி முழுவதும் வளைவுகள். அவற்றை இயந்திரங்களுக்குத் துல்லியமாகச் சொல்லும் வழி தேவைப்பட்டது. பிரான்சு நாட்டில் சிட்ரோயன் நிறுவனத்தில் பணியாற்றிய பால் தெ காஸ்டெல்ஜோ 1959-இல் ஒரு வழி கண்டார். நிறுவனம் அதை வெளியே சொல்லவில்லை. போட்டி நிறுவனமான ரெனோவில் பணியாற்றிய பியேர் பெசியே 1960-களில் தாமாகவே அதே வளைவுகளைக் கண்டு வெளியிட்டார். எனவே அவர் பெயரே நிலைத்து, அவை பெசியே வளைவுகள் எனப்படுகின்றன.

அந்த வழியை நாமே வரைபடத்தாளில் செய்து பார்க்கலாம். மூன்று புள்ளிகளைக் குறியுங்கள்:

அ (0, 0), ஆ (0, 8), இ (8, 8).

அ, ஆ இவற்றை இணையுங்கள். ஆ, இ இவற்றை இணையுங்கள். முதல் கோட்டின் நடுப்புள்ளி (0, 4). இரண்டாம் கோட்டின் நடுப்புள்ளி (4, 8). இவ்விரண்டையும் இணைத்து, அந்தக் கோட்டின் நடுப்புள்ளியைக் காணுங்கள். அது (2, 6). நம் வளைவு இதன் வழியே செல்லும்.

இனி, நடுவுக்குப் பதிலாகக் கால் பங்குத் தூரத்தில் செய்யுங்கள். முதல் கோட்டில் (0, 2), இரண்டாவதில் (2, 8), இவற்றை இணைத்து அதிலும் கால் பங்கு சென்றால் (0.5, 3.5). முக்கால் பங்கில் செய்தால் (4.5, 7.5) கிடைக்கும். அ-விலிருந்து தொடங்கி, இந்த மூன்று புள்ளிகளின் வழியாக இ வரை கையால் இணையுங்கள். சிக்குக் கோலத்தில் இழை திரும்பும் வளைவு போலவே இருக்கிறது அல்லவா?

இப்போது இதை 10 மடங்கு பெரிதாக்குவோம். அ (0, 0), ஆ (0, 80), இ (80, 80). நடுப்புள்ளிகளை மீண்டும் கண்டால் (0, 40), (40, 80). இவற்றின் நடு (20, 60). பழைய (2, 6) சரியாக 10 மடங்காகியிருக்கிறது! மற்றப் புள்ளிகளும் அவ்வாறே (5, 35), (45, 75) ஆகும். வளைவின் மேலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் பெரிதாக்க வேண்டியதில்லை. மூன்று புள்ளிகளைப் பெரிதாக்கினால் வளைவு தானே பெரிதாகிவிடும் என்பது இதனால் விளங்கும். கோலத்தில் புள்ளிகளைத் தள்ளி வைப்பதும் இதுவே அல்லவா?

சேமிப்பையும் எண்ணிப் பாருங்கள். 80 × 80 கட்டங்களில் இந்த வளைவை ராஸ்டர் படமாக வைத்தால் 6,400 பிக்சல்கள். 800 × 800 என்றால் 6,40,000. வெக்டர் படத்துக்கோ இரண்டு வேளையிலும் ஆறே எண்கள்!

இன்று நம் கைப்பேசியில் படிக்கும் தமிழ் எழுத்துகளும் இப்படித்தான் சேமிக்கப்படுகின்றன. 'வ' என்ற எழுத்தின் சுழியும் வயிறும் பெசியே வளைவுகளே. அதனால்தான் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது பஞ்சாகாமல் நிற்கிறது.

வெக்டர் படமும் மங்குவது ஏன்?

கூர்ந்து படித்துவரும் மாணவர்கள் இப்போது ஒரு கேள்வி எழுப்பலாம். 'அந்த மாணவி கோலத்தை வெக்டர் படமாகத்தானே வரைந்தாள்? பிறகு ஏன் மங்கியது?'

நல்ல கேள்வி. படம் எப்படிச் சேமிக்கப்பட்டிருந்தாலும், திரை கட்டங்களால் ஆனது என்பதை மறக்கக் கூடாது. வெக்டர் படத்தையும் திரையில் காட்டும் முன் ஏதாவது ஒரு கட்டத்தில் பிக்சல்களாக மாற்றியே ஆக வேண்டும். இதை ராஸ்டராக்குதல் என்பார்கள். ஒவ்வொரு பிக்சலிலும் எத்தனை பங்கை இழை மூடுகிறது என்று கணிப்பொறி பார்க்கிறது. முழுவதும் மூடினால் வெள்ளை. மூடவே இல்லையென்றால் கறுப்பு. பாதி மூடினால் இடைநிறம். இவ்வாறு ஓரத்தில் ஒரு பிக்சல் அகலத்துக்கு மட்டும் இடைநிறம் வருவதால், வளைவு படிக்கட்டாகத் தெரியாமல் வழவழப்பாகத் தெரிகிறது.

ஆகவே செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு: பெரிதாக்குதல், ராஸ்டராக்குதல். எதை முதலில் செய்வது?

200 பிக்சல் அகலமும் உயரமும் கொண்ட கோலத்தை 5 மடங்காக்கி 1,000 பிக்சல் ஆக்க வேண்டும் என்று கொள்வோம்.

முதல் ஒழுங்கு: 200 பிக்சல் அளவிலேயே ராஸ்டராக்கிவிட்டு, பிறகு பெரிதாக்குவது. இதில் 40,000 பிக்சல்களின் செய்தியை இழுத்து 10,00,000 பிக்சல்களை நிரப்ப வேண்டும். நாம் முன்பு கண்ட மங்கல் அப்படியே வந்துவிடும். வெக்டராக வரைந்ததன் பயன் முழுவதும் வீண்.

இரண்டாம் ஒழுங்கு: வளைவுகளின் புள்ளிகளை முதலில் 5 மடங்காக்கிவிட்டு, பிறகு ராஸ்டராக்குவது. இதில் 10,00,000 பிக்சல்களும் வளைவிலிருந்தே நேராகக் கணக்கிடப்படுகின்றன. ஓரம் கூர்மையாகவே இருக்கும்.

கணக்கில் 2 + 3-ம் 3 + 2-ம் ஒன்றுதான். ஆனால் சட்டை அணிந்து பிறகு இஸ்திரி போடுவதும், இஸ்திரி போட்டுப் பிறகு சட்டை அணிவதும் ஒன்றல்லவே! இங்கும் ஒழுங்கு மாறினால் விளைவு மாறுகிறது.

1993-இல் வெளிவந்து இன்று அசைபடக் கலைஞர்கள் பரவலாகக் கையாளும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். வேறொரு வரைகலை மென்பொருளில் வரைந்த வெக்டர் படத்தை அதில் கொண்டுவந்தால், அது வழக்கமாக முதல் ஒழுங்கையே பின்பற்றும். ஏன் என்றால் உழைப்பு மிச்சம். விநாடிக்கு 25 படச்சட்டங்கள் வீதம் 10 விநாடி ஓடும் அசைபடத்தில் 250 படச்சட்டங்கள் உள்ளன. ஒருமுறை ராஸ்டராக்கி வைத்துக்கொண்டால், அதையே 250 முறையும் இழுத்தோ சுருக்கியோ பயன்படுத்தலாம். இரண்டாம் ஒழுங்கில் 250 முறையும் புதிதாகக் கோலமிட வேண்டும்!

தெளிவு தேவை என்போருக்காகப் படத்தின் பெயருக்கு அருகே சிறு சூரியன் போன்ற ஒரு குறி இருக்கிறது. அதன் பெயர் 'கன்டினியுவஸ்லி ராஸ்டரைஸ்', அதாவது 'இடைவிடாது ராஸ்டராக்கு'. அதை அழுத்தியவுடன் ஒழுங்கு மாறிவிடும். ஒவ்வொரு படச்சட்டத்திலும் முதலில் அளவு மாற்றம், பிறகு ராஸ்டராக்கம். பஞ்சாய்ப் போன கோலம் சட்டென்று கூர்மையடையும். அந்த மென்பொருளுக்குள்ளேயே தட்டச்சு செய்த எழுத்துகளும், அங்கேயே வரைந்த உருவங்களும் எப்போதும் இரண்டாம் ஒழுங்கிலேயே நடப்பதால், அவற்றுக்கு இந்தக் குறி தேவைப்படுவதில்லை.

தமிழில் 'பெருக்கு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். வாசலைத் துடைப்பத்தால் பெருக்குவது ஒன்று. எண்களைப் பெருக்குவது மற்றொன்று. முதலில் பெருக்கு, பிறகு கோலமிடு என்ற விதி இரண்டு பொருளிலும் பொருந்துகிறது!

கவனிக்க வேண்டியவை

ஒழுங்கை மாற்றும்போது வேறு சில விளைவுகளும் உடன் வரும். கோலத்துக்கு 10 பிக்சல் அளவில் நிழல் சேர்த்திருப்பதாகக் கொள்வோம். முதல் ஒழுங்கில் படம் 5 மடங்கானால் நிழலும் 50 பிக்சலாக வளரும். இரண்டாம் ஒழுங்கிலோ, அளவு மாறிய பிறகே நிழல் சேர்க்கப்படுவதால், அது 10 பிக்சலாகவே நிற்கும். 'குறியை அழுத்தியதும் நிழல் மெலிந்துவிட்டதே' என்று புதிதாகப் பழகுவோர் திகைப்பது இதனால்தான்.

இழையின் பருமனும் இத்தகையதே. வெக்டர் படத்தில் 2 பிக்சல் பருமனுள்ள கோடு 5 மடங்கில் 10 பிக்சல் ஆகும். பருமனை மாற்றாமல் நிறுத்திவைக்கும் வசதியும் சில மென்பொருள்களில் உண்டு. தெருக்கோலத்தில் எப்படி? மாவைக் கிள்ளும் விரல்கள் அவையே. ஆகவே கோலம் பெரிதானாலும் இழை பெரும்பாலும் அதே பருமன்தான். பெரிய கோலம் ஒல்லியாகத் தெரிந்தால் இரட்டை இழை இழுப்பதும் உண்டு.

வெக்டர் கோப்பு என்று பெயர் இருந்துவிட்டால் மட்டும் போதாது. எஸ்.வி.ஜி. போன்ற வெக்டர் கோப்புக்குள் ஒரு புகைப்படத்தைச் செருகியிருந்தால், அந்தப் பகுதி ராஸ்டர் படமே. பெரிதாக்கினால் மங்கத்தான் செய்யும்.

இரண்டாம் ஒழுங்குக்கு வசதியில்லாத மென்பொருளில் என்ன செய்வது? அதற்கும் ஓர் எளிய உபாயம் உண்டு. அசைபடத்தில் கோலம் எட்ட வேண்டிய மிகப் பெரிய அளவு எதுவோ, அந்த அளவிலேயே அதை வரைந்துவிட வேண்டும். தொடக்கத்தில் அதை 5 விழுக்காடாகச் சுருக்கிக் காட்டி, முடிவில் 100 விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும். 100-ஐத் தாண்டவே கூடாது. சுருக்கும்போது இருக்கும் செய்தியில் சிறிது விடுபடுகிறது, அவ்வளவே; பெருக்கும்போதுதான் இல்லாத செய்தியைத் தேட வேண்டியிருக்கிறது.

எதைச் சேமிப்பது?

தெருவில் போட்ட கோலம் நண்பகலுக்குள் கால்பட்டும், காற்றில் கலைந்தும், எறும்புக்கு உணவாகியும் மறைந்துவிடும். முன்பெல்லாம் பெண்கள் புதிய கோலத்தைக் கண்டால் நோட்டுப் புத்தகத்தில் புள்ளி வைத்து, இழை போட்டு எழுதிக்கொள்வார்கள். இன்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்கிறோம். படம் எடுப்பது நல்லதே. ஆனால் அதில் இருப்பது கட்டங்களின் நிறம் மட்டுமே. எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, முழுக் கோலமும் ஒரே கம்பியா அல்லது மூன்று கம்பியா — இவற்றை அந்தப் படம் தானாகச் சொல்லாது. பழைய நோட்டுப் புத்தகம்தான் உண்மையில் வெக்டர் கோப்பு! அது தொலைந்தால், கோலத்தை வேண்டிய அளவில் மீண்டும் படைக்கும் வழியும் தொலைந்துவிடும்.

ஆகவே, இந்த மாதம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பாட்டியிடமோ அத்தையிடமோ அவர்களுக்குத் தெரிந்த சிக்குக் கோலம் ஒன்றைக் கேட்டு, புள்ளிக் கணக்கையும், இழை செல்லும் வழியையும் அசைவு அசைவாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் குறிப்பை மட்டும் ஒரு நண்பரிடம் கொடுத்து, கோலத்தைப் பார்க்காமலே போடச் சொல்லுங்கள். சரியாக வந்தால் உங்கள் குறிப்பு நிறைவானது.

பள்ளியில் கணிப்பொறி இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். ஸ்கிராட்சில் ஒரே கோலத்தை இரு உருவங்களாக வரையுங்கள். ஒன்றை வெக்டராகவே விடுங்கள், மற்றொன்றை அங்குள்ள பொத்தானை அழுத்தி பிட்மேப் ஆக, அதாவது ராஸ்டராக, மாற்றுங்கள். இரண்டின் அளவையும் 400 விழுக்காடு ஆக்கி, முழுத்திரையில் அருகருகே வைத்துப் பாருங்கள். எது தெரு வாசல் கோலம், எது பஞ்சுக் கோலம் என்பதை உங்கள் கண்களே சொல்லிவிடும்.